செக் ஓடும் வேகமும் சட்டம் நடக்கும் வேகமும்



அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தால், "அது வக்கீல்மாரின் வேலை" என்கிறோம். புதிதாக ஒரு கருவி வந்தால், "அது பிள்ளைகளின் வேலை" என்கிறோம. இந்த இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் நம் கல்லாப்பெட்டி வரை வந்து சேர்கின்றன என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அந்தப் பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2007ஆம் ஆண்டு நோன்பு மாதம். அப்போது கல்முனையில் எனக்கு ஒரு துணிக்கடை. பெருநாள் சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனேன். பல வருடங்களாக எனக்குச் சரக்குத் தரும் ஹாஜியாரிடம் மூன்று இலட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாவுக்குத் துணி எடுத்தேன். அன்றைய திகதிக்கே செக் எழுதிக் கொடுத்தேன். என் கணக்கில் அவ்வளவு பணம் இருக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கவலை இருக்கவில்லை. காரணம், அப்போது நம்மில் பலரும் போட்ட கணக்குத்தான். கொழும்பில் போட்ட செக் நம் ஊர்க் கிளைக்கு வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் சரக்கில் பாதி விற்றுவிடும், வந்த காசைக் கணக்கில் போட்டுவிடலாம் என்பதே அந்தக் கணக்கு.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. "தம்பி, உங்கட செக் திரும்பி வந்திருக்கு. நீங்க அப்படிச் செய்ற ஆள் இல்லையே?" என்றார் ஹாஜியார். அவர் ஏசியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வங்கிக்கு ஓடினேன். முகாமையாளர் அமைதியாகச் சொன்னார்: "முதலாளி, இப்ப செக் கல்முனைக்கு வாறதில்ல. அதுட படம்தான் வருது. இன்டைக்குப் போட்டா நாளைக்கு முடிவு."

என்ன நடந்திருந்தது?

செக் என்பது ஒரு கட்டளைக் கடிதம். "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு" என்று நம் வங்கிக்கு நாம் எழுதுவது. அந்தக் கடிதத்தை உரிய வங்கியிடம் நேரில் காட்ட வேண்டும் என்பதே 1927ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்து வந்த முறை. ஆகவே காகிதம் பயணம் செய்தே ஆக வேண்டும். புறக்கோட்டையில் போட்ட செக் தீர்ப்பனவு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வங்கியின் தலைமையகத்துக்குப் போய், அதன் பின்னர் கிளைக்கு வரும். 1988இல் மத்திய வங்கி தீர்ப்பனவைக் கணனி மயப்படுத்தியது. ஆனாலும் காகிதத்தின் பயணம் நிற்கவில்லை.

செக்கைப் படம் பிடித்து அனுப்பும் தொழில்நுட்பம் உலகில் ஏற்கனவே இருந்தது. ஆனால் கருவி மட்டும் போதாது. படத்தைப் பார்த்துப் பணம் கொடுத்த வங்கியிடம், "அசல் செக்கைப் பார்த்தாயா?" என்று நீதிமன்றம் கேட்டால் என்ன பதில்? அந்தப் பதிலைத் தந்தது 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைச் சட்டம். செக்கை இலத்திரனியல் முறையில் சமர்ப்பிக்க அது இடம் கொடுத்தது.

சட்டம் வழி திறந்ததும் கருவி உள்ளே வந்தது. 2006 மே மாதம் லங்காகிளியர் நிறுவனம் செக் படமாக்கல் முறையைத் தொடங்கியது. தெற்காசியாவில் இதில் முந்திக்கொண்டது நம் நாடுதான். அன்று முதல் செக் போடப்பட்ட வங்கியிலேயே அசல் தங்கிவிடுகிறது. படமும் அடியில் அச்சிட்ட இலக்கங்களும் மட்டும் கம்பி வழியே போகின்றன. கொழும்பானாலும் கல்முனையானாலும் அடுத்த வேலை நாளில் முடிவு தெரிந்துவிடும்.

இது எல்லாம் பத்திரிகையில் வந்த செய்திதான். நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருந்தேன்.

தாமதமே மூலதனம்

அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்து யோசித்தேன். செக் ஊர்ந்து வந்த அந்த ஒரு வாரமும் நான் யாருடைய காசில் வியாபாரம் செய்தேன்? ஹாஜியாருடைய காசில். அவர் எனக்குக் கடன் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. வழியின் தாமதத்தை என் மூலதனம் ஆக்கிக்கொண்டிருந்தேன். புதுச் சட்டமும் புதுக் கருவியும் சேர்ந்து அந்த மூலதனத்தை ஒரே நாளில் இல்லாமல் செய்துவிட்டன. உண்மையில் அது என்றைக்கும் என்னுடையதாக இருக்கவில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? ஸூறத்துல் பகராவின் 282ஆம் வசனம், தவணை குறித்த கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் சலிப்படையாமல் எழுத வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. எழுத்து என்ற கருவிக்கு ஒழுங்கு வகுத்தபோது என்ன நடந்தது? முஸ்லிம் வர்த்தகர்கள் ஸுஃப்தஜா என்ற உண்டியல் மூலம் பணத்தைச் சுமக்காமலேயே ஊர்விட்டு ஊர் அனுப்பினார்கள். 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், ஸஹாரா பாலைவன வர்த்தகத்தில் 42,000 தீனாருக்கான ஒரு கடன் பத்திரத்தைக் கண்டதாகப் பதிந்திருக்கிறார். ஒட்டகம் ஏறி மாதக்கணக்கில் போகும் ஊருக்கு ஒரு துண்டு எழுத்தை நம்பி அவ்வளவு கடன் கொடுத்தார்கள். ஒழுங்கு இருந்ததால் எழுத்துக்கு மதிப்பு இருந்தது.

கருவி முந்திய நாடு

நம் செக் விடயத்தில் சட்டம் முந்தியது, கருவி பின்னே வந்தது. இதற்கு நேர்மாறான ஒரு கதை கென்யாவில் நடந்தது.

அங்கே சஃபாரிகொம் என்ற தொலைபேசி நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கியது. பெசா என்றால் சுவாஹிலி மொழியில் பணம். நைரோபியில் கூலி வேலை செய்பவர் பெட்டிக்கடையில் காசைக் கொடுப்பார். அது அவருடைய கைத்தொலைபேசியில் ஏறும். ஒரு குறுந்தகவலில் கிராமத்துத் தாய்க்குப் போகும். அந்தத் தாய் ஊர்க் கடையில் காசாக மாற்றிக்கொள்வார். வங்கிக் கணக்குத் தேவையில்லை.

அப்போது கென்யாவில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. மத்திய வங்கி நினைத்திருந்தால், "சட்டம் இல்லை, ஆகவே கூடாது" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது அப்படிச் செய்யவில்லை. மக்களின் பணத்தை நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் வங்கியில் நம்பிக்கைப் பொறுப்புக் கணக்கில் வைக்கச் சொல்லி, ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுத்தது. சேவை பெருகியதும் வங்கிகள் தரப்பில் எதிர்ப்புக் கிளம்பியது. 2008 டிசம்பரில் நிதியமைச்சர் அதைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். 2009 ஜனவரியில், சேவை பாதுகாப்பானது என்று முடிவு வந்தது. அதன் பின்னரே 2011இல் தேசியக் கொடுப்பனவுச் சட்டமும், 2014இல் அதற்கான விதிகளும் வந்தன. ஏழு வருட நடைமுறையைப் பார்த்து எழுதிய விதிகள் அவை.

நைஜீரியா வேறு வழி போனது. 2009இல் அதன் மத்திய வங்கி வகுத்த விதிகளில், தொலைபேசி நிறுவனங்கள் இத்தகைய சேவைக்குத் தலைமை தாங்க இடம் கொடுக்கப்படவில்லை. வங்கிகளைப் பாதுகாக்கும் எண்ணம் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கிராமம் கிராமமாகக் கடை வைத்திருந்தவர்கள் தொலைபேசி நிறுவனத்தினர்தானே? கென்யாவில் போல அங்கே சேவை பரவவில்லை. 2018இல் கொடுப்பனவுச் சேவை வங்கி என்ற புது அனுமதிப் பத்திரத்தை உருவாக்கிக் கதவைத் திறக்க வேண்டி வந்தது. ஒரே கருவி, இரண்டு கொள்கைகள், இரண்டு விளைவுகள்.

நம் நாடு நடுவழியில் சென்றது. மத்திய வங்கி 2011இல் கைத்தொலைபேசிக் கொடுப்பனவுக்கு வழிகாட்டிகளை வெளியிட்டது. 2012இல் டயலொக் நிறுவனம் ஈஸி கேஷ் சேவையைத் தொடங்கியது. நமக்கும் இங்கே பாவனையாளரின் பணத்தை வங்கியில் தனியாக வைக்க வேண்டும் என்பதே விதி. அமானிதத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்காதே என்ற பழைய பாடம்தான் இது.

கடைச் சுவரில் ஒரு சதுரம்

இன்று நம் கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு சதுரம் அச்சிட்டுத் தந்திருந்தால், கல்லாவின் முன்னே பத்து அட்டைகள் தொங்கியிருக்கும். 2018இல் மத்திய வங்கி லங்காகியூஆர் என்ற ஒரே தரத்தை வகுத்தது. அதனால் வாடிக்கையாளரின் செயலி எந்த வங்கியினதாக இருந்தாலும், இந்தத் தரத்தில் இணைந்திருந்தால் ஒரே சதுரம் போதும். கருவியைக் கண்டுபிடித்தது அரசாங்கமல்ல. ஆனால் அது சிறு கடைக்காரனுக்கு உதவுமா, தொல்லையாகுமா என்பதை ஒரு கொள்கை முடிவு தீர்மானித்தது.

அதுபோல 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தையும் அறிந்து வையுங்கள். ஒரு பதிவு இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என்கிறது அது. காணி விற்பனை, மரணசாசனம் போன்ற சில விடயங்கள் இதில் அடங்கா. நீங்கள் தொலைபேசியில் அனுப்பும் ஓடர் வெறும் பேச்சல்ல. அது உங்களுக்கு ஆதாரம், உங்களுக்கு எதிராகவும் ஆதாரம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கணக்கில் பணம் இல்லாமல் அன்றைய திகதிக்குச் செக் எழுதாதீர்கள். தவணை வேண்டுமானால் வாய் திறந்து கேளுங்கள். கேட்டுப் பெற்ற தவணையில் பரக்கத் உண்டு.

2. செக்கைத் தெளிவாக எழுதுங்கள், வெட்டித் திருத்தாதீர்கள். இப்போது அதைப் பார்ப்பது உங்களைத் தெரிந்த ஊர்க் காசாளர் அல்ல, ஒரு படம் மட்டுமே.

3. கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிய தொலைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். தொகை, திகதி, தவணை மூன்றையும் எழுத்தில் வையுங்கள்.

4. வங்கி தரும் புதுச் சேவைக்குக் கையொப்பமிடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் கட்டணம் எவ்வளவு? பணம் என் கணக்குக்கு எப்போது வரும்?

5. மத்திய வங்கி அறிவித்தல்களை மாதம் ஒருமுறையாவது ஒருவர் வாசித்து, உங்கள் ஊர் வர்த்தக சங்கத்தில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். புது விதிகளுக்குக் கருத்துக் கேட்கும்போது வங்கிகள் எழுதுகின்றன, தொலைபேசி நிறுவனங்கள் எழுதுகின்றன. நாம் எழுதுவதில்லை. பிறகு விதி வந்ததும் கடை வாசலில் நின்று குறை சொல்கிறோம்.

நான் அன்று என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மறுநாளே மனைவியின் நகையில் ஒரு பகுதியை அடகு வைத்து, பஸ் ஏறி, காசோடு புறக்கோட்டைக்குப் போனேன். ஹாஜியார் எண்ணிப் பார்க்காமலே பெட்டியில் போட்டார். "தம்பி, தவணை கேட்டிருந்தா தந்திருப்பேனே" என்றார். அதன் பிறகு பல வருடங்கள் அவரிடம் தவணைக்கே சரக்கு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் திகதியை எழுதிக் கையொப்பமிட்டுத்தான் எடுத்தேன்.

கருவிகள் மாறும், சட்டங்களும் மாறும். மாறும்போது விழித்திருப்பது நம் பொறுப்பு. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.