பழைய கியர் சைக்கிளுக்குப் பழைய ஷாக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அம்பத்தூர்க்காரருக்குச் சைக்கிளைப் பற்றி வெளியூர்க்காரர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் இங்கிருந்துதான் ஊர் ஊராக அனுப்பியது. பக்கத்து ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் இரும்புக் குழாய் செய்கிறது. தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்குள் நுழைந்தால் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இவ்வளவு இருந்தும், முன்சக்கரத்து ஷாக் விஷயத்தில் மட்டும் கடைக்குக் கடை ஒரு கதை சொல்கிறார்கள்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பையனுக்கு வாங்கிய 26 இஞ்ச் கியர் சைக்கிள் பல வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் காலையில் ஓட்டலாம் என்று அப்பா அதை வெளியே எடுக்கிறார். ஷாக் இறுகிப் போயிருக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால், இன்று வரும் நல்ல ஷாக்குகள் 27.5, 29 இஞ்ச் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் செய்யப்பட்டவை. ஆகவே ஓஎல்எக்ஸில் செகண்ட் ஹேண்ட் தேடுவது நியாயமான யோசனைதான். கோளாறு, தேடும்போது கூடவே வரும் நம்பிக்கைகளில் இருக்கிறது.

“26 இஞ்ச் ஷாக் என்றால் 26 இஞ்ச் சைக்கிளுக்குச் சேரும்.”

சேராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். சக்கர அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தண்டைப் பாருங்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தலையிலிருந்து மேலே எழுந்து, ஃபிரேமின் முன்குழாய்க்குள் புகுந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயைத்தான் சொல்கிறேன். நம் தெருக்களில் அது மூன்று தினுசில் கிடைக்கிறது. மலிவான பழைய கியர் சைக்கிள் பலவற்றில் 1 இஞ்ச் தண்டு, அதாவது 25.4 மி.மீ., மேல்முனையில் மரை இருக்கும். அதற்கு அடுத்தது ஒன்றே அரைக்கால் இஞ்ச், 28.6 மி.மீ.; பெரும்பாலும் மரை இருக்காது, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்வும். மூன்றாவது, மேலே 28.6 மி.மீ. தொடங்கி அடியில் ஒன்றரை இஞ்ச் வரை பருப்பது. பழைய ஃபிரேமின் நேர்குழாய்க்குள் இந்த மூன்றாவது நுழையவே நுழையாது. 1 இஞ்ச் ஃபிரேமுக்குள் இரண்டாவதும் நுழையாது. மெல்லிய தண்டைப் பெரிய குழாயில் பொருத்துவதற்கு மட்டும் இடைக்கப் உண்டு.

வெர்னியர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தண்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தால், 1 இஞ்சுக்கு 80 மி.மீ., ஒன்றே அரைக்காலுக்கு 90 மி.மீ. வரும். உங்கள் சைக்கிளில் தண்டு உள்ளே மறைந்திருந்தால், ஹேண்டிலுக்குக் கீழே உள்ள பெரிய நட்டைப் பாருங்கள். 32 நம்பர் ஸ்பானர் சேர்ந்தால் பெரும்பாலும் 1 இஞ்ச். 36 சேர்ந்தால் அடுத்த அளவு.

பருமன் சரியாக இருந்தாலும் நீளம் இடிக்கும். பழைய ஷாக்கின் தண்டை முதல் சொந்தக்காரர் தன் சைக்கிளின் அளவுக்கு அறுத்திருப்பார். பையன்களுக்கான சிறிய ஃபிரேமிலிருந்து கழற்றியது என்றால் கட்டாயம் குட்டையாகவே இருக்கும். மரையில்லாத தண்டுக்குக் கணக்கு எளிது: முன்குழாயின் நீளம், தண்டு சுழலக் கீழும் மேலும் உள்ள கப்-கோன் எடுக்கும் உயரம், ஸ்டெம் கவ்வும் உயரம், நடுவில் போடும் வளையங்கள், எல்லாவற்றையும் கூட்டி 3 மி.மீ. கழியுங்கள். 120 மி.மீ. முன்குழாய், 28 மி.மீ. கப்-கோன், 40 மி.மீ. ஸ்டெம் என்றால், வளையமே இல்லாமல் 185 மி.மீ. தேவை. விற்பவரிடம் பேரம் பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். “டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்க அண்ணா” என்றால் உண்மையாக விற்பவர் அனுப்பிவிடுவார்.

“குட்டையாக இருந்தால் என்ன, எஸ்டேட்டில் வெல்டிங் வைத்து நீட்டிவிடலாம்.”

இந்த ஒரு நம்பிக்கையிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நம் பட்டறைக்காரர்களின் கைத்திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் இது கைத்திறமையால் தீருகிற விஷயம் இல்லை. முன் பிரேக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பள்ளத்திலும், அந்தத் தண்டு வளைந்து நிமிர்கிறது. ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில், சூட்டில் குணம் மாறிய உலோகத்தில் விரிசல் தொடங்கும்; குழாய்க்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அலுமினியத் தண்டாக இருந்தால் சூடு பட்ட இடம் வலுவிழந்து இன்னும் மோசமாகும். முறியும் நாளில் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும், பின்னால் அம்பத்தூர் எஸ்டேட் சாலையின் லாரி இருக்கும்.

இரும்புத் தண்டில் மரையைக் கூடுதலாகக் கீழே இறக்குவதும் இதற்குத் தம்பிதான். ஹேண்டிலின் அடியில் உள்ள ஆப்பு மரைக்குக் கீழே, வெறும் குழாயில் போய் இறுக வேண்டும். மரை வெட்டிய இடத்தில் இறுகினால் தண்டு அங்கேயே கிழியும். நீளமான தண்டை லேத்தில் நேராக அறுத்துத் தரச் சொல்லுங்கள், அது நல்ல வேலை. குட்டையை நெட்டையாக்கச் சொல்லாதீர்கள்.

“அமுக்கினால் மெத்தென்று இறங்குகிறது, நல்ல ஷாக்.”

உள்ளே எண்ணெயே இல்லாமல், ஸ்பிரிங் மட்டும் மிச்சமிருக்கும் ஷாக்கும் மெத்தென்றுதான் இறங்கும். இறங்குவதைவிட ஏறுவதைக் கவனியுங்கள்: துள்ளி எழுந்தால் அதிர்வை அடக்கும் பகுதி செத்துவிட்டது, அல்லது தொடக்கத்திலிருந்தே கிடையாது. அந்தக் காலத்து மலிவு கியர் சைக்கிள்களில் பல ஷாக்குகள் இந்த இரண்டாம் ரகம், அழகுக்காக வைத்தவை. பிறகு மேல்தலையை ஒரு கையிலும் கீழ்க்கால்களை மறு கையிலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். லேசான அசைவு இயல்பு. ‘டக் டக்’ என்று தட்டினால் உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது. மலிவான ஷாக்குக்குத் தனியாகப் புஷ் தேடி அலைவது வீண். பளபளக்கும் உள்கால்களை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டுப்படும் கீறலோ துருப்புள்ளியோ சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பகுதிக்கென்று ஒரு சோதனை உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வெள்ளம் நின்றது. கீழ்வீட்டில் நின்ற சைக்கிள்கள் எத்தனை மூழ்கியிருக்கும்! கீழ்க்காலுக்குள் புகுந்த தண்ணீர் தானாக வெளியேறாது. அடியில் உள்ள போல்ட்டைச் சில சுற்றுத் தளர்த்தி லேசாகத் தட்டச் சொல்லுங்கள். செங்கல் நிறத் தண்ணீர் சொட்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

“ஸ்பிரிங் இல்லாத காற்று ஷாக் நம்ம ரோட்டுக்குத் தாங்காது.”

ஆவடிக்காரர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படும் அர்ஜுன் டாங்கியின் சஸ்பென்ஷன் வாயுவாலும் எண்ணெயாலும் இயங்குவதுதான். ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குகிறது. 1989இல் வந்த ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற சைக்கிள் ஃபோர்க்கும் காற்று, எண்ணெய் ரகமே. பழைய காற்று ஷாக்கில் பயப்பட வேண்டியது சீலுக்கு மட்டும். காற்று இறங்கிய நிலையில் கொடுத்து “பம்ப் அடித்தால் சரியாகிவிடும்” என்றால் நம்பாதீர்கள். அதற்கென்று உள்ள பம்பால் நிரப்பி, ஒரு மணி நேரமாவது நிற்கிறதா என்று பாருங்கள்.

“மேலே உள்ள திருகை இறுக்கினால் ஷாக் கடினமாகும்.”

ஆகாது. ஸ்பிரிங்கின் தொடக்க அழுத்தம் மட்டும் கூடும், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். 80 மி.மீ. இறங்கும் ஷாக்கில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் 15 முதல் 20 மி.மீ. இறங்க வேண்டும். திருகை முழுக்க இறுக்கியும் அதைவிட அதிகம் இறங்கினால் வேறு ஸ்பிரிங் போட வேண்டும்.

உயரமான ஷாக் கம்பீரம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. முன்பக்கம் சுமார் 20 மி.மீ. உயர்ந்தால் தண்டின் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி மாறும். 80 இருந்த இடத்தில் 120 போட்டால் வண்டி வளைவுகளில் இழுக்கும், ஃபிரேமின் கழுத்தும் கூடுதலாகத் திணறும். 100 வரை பெரும்பாலான ஃபிரேம் ஏற்கும். வி பிரேக் சைக்கிள் என்றால் ஷாக்கின் கால்களில் அதற்கான இரண்டு முளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க், ஹப், சக்கரம் என்று செலவு ஷாக்கின் விலையைத் தாண்டிவிடும்.

1 இஞ்ச் மரைத்தண்டு ஃபிரேம் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு வேறு. ஷாக் தேடி அலையாமல், அதே உயரத்தில் ஷாக் இல்லாத இரும்பு ஃபோர்க்கைப் போட்டு, அகலமான டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். பூந்தமல்லி சாலையின் பள்ளங்களுக்கு அது போதும், சைக்கிளும் ஒன்றிரண்டு கிலோ இளைக்கும். நல்ல ஷாக் கிடைத்துப் பொருத்தியவர்கள், முதல் வாரம் ஓட்டியபின் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, கப்-கோனில் ஆட்டம் இருந்தால் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.