போர்ட்ஸ்மவுத்துக்குப் படகில் போகிறீர்களா?

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கடற்படை ஊர் போர்ட்ஸ்மவுத். கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்து, அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் தொட்டியை 1495-லேயே அங்கே கட்டிவிட்டார்கள். லண்டனில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் ஒருநாள் பயணமாகப் போய்வரத் தோதான இடம். இரண்டு தடவை போய்வந்ததில் கற்றுக்கொண்டவை இவை.

1. ரயிலில் வந்து இறங்கினாலும் முதலில் படகு ஏறுங்கள். துறைமுக ரயில் நிலையத்தை ஒட்டியே எதிர்க்கரை காஸ்போர்ட்டுக்கு ஃபெரி போகிறது. சில நிமிடப் பயணம்தான். போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், வரும்போது இடப்பக்கம். பழைய போர்க்கப்பல் வாரியரும் அதற்கப்பால் இன்றைய கடற்படைத் தளமும் அந்தப் பக்கம்தான். துறைமுக வாய் எவ்வளவு குறுகல் என்பது தண்ணீரில் நின்றால்தான் புரியும். இந்த ஊர் கடற்படைக்கு ஏன் வாய்த்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

2. பிரான்சிலிருந்து கப்பலில் வருவதானால் விசாவைக் கவனியுங்கள். ஷெங்கன் விசா பிரிட்டனுக்குச் செல்லாது, தனி விசா வேண்டும். திரும்பவும் பிரான்சுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கவேண்டும். டிக்கெட் எடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம்.

3. குமட்டல் உள்ளவர்கள் ஆங்கிலக் கால்வாய் கடக்கும் இரவுக் கப்பலுக்கு இஞ்சி மரப்பா எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. காஸ்போர்ட் ஃபெரிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மரப்பா கரைவதற்குள் கரை வந்துவிடும்.

4. கடல் ஏற்றவற்றத்தை மனத்தில் வையுங்கள். இங்கே நீர்மட்டம் 4 மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். காலையில் சமதளமாக நடந்துபோன படகுப்பாலம், தண்ணீர் வற்றிய நேரத்தில் செங்குத்துச் சரிவாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நீர் உயர்ந்திருக்கும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

5. இங்கே பார்வைக்கு இருக்கும் பழைய போர்க்கப்பல் விக்டரிக்குச் சேலை வேண்டாம். ஏணிபோன்ற படிகள், முகத்தைப் படிப் பக்கம் வைத்து, பின்னோக்கித்தான் இறங்கவேண்டும். கீழ்த்தளங்களில் உத்தரம் தலையை இடிக்கும். குனிந்தே நடந்த என் சின்னம்மா, கடற்படைத் தளபதி நெல்சன் உயிர்விட்ட இடம் வந்ததும் மரியாதையாக நிமிர்ந்தாள். ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

6. விக்டரியைப் படத்தில் பார்த்தபடி எதிர்பார்க்காதீர்கள். 1765-இல் நீரில் இறங்கி, 1805-இல் டிரஃபால்கர் போரில் வென்ற கப்பல் அது. 1922 முதல் தண்ணீர் வடித்த தொட்டியில்தான் நிற்கிறது. இப்போது நெடுங்காலப் பழுதுபார்ப்பு நடப்பதால் சாரமும் திரையும் மறைக்கின்றன. பாய்மரம் உயர்ந்து நிற்கும் காட்சி வேண்டுமென்றால் வாரியர் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இல் இரும்பில் கட்டிய கப்பல். ஒரு போரைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெற்றது.

7. நேரம் குறைவு, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் மேரி ரோஸ். என்னைக் கேட்டால் விக்டரியைவிட இதுவே மேல். 1545-இல், எட்டாம் ஹென்றி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் கப்பல் ஆளோடு கவிழ்ந்தது. ஏறக்குறைய ஐந்நூறு பேர் இருந்த கப்பலில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். சேற்றில் புதைந்த பாதி மட்டும் அழுகாமல் கிடந்து 1982-இல் மேலே வந்தது. அதனோடு கிடைத்த பொருட்கள் 19,000-க்கும் மேல். தோல் செருப்பு, வைத்தியரின் பெட்டி, ஒரு நாயின் எலும்புக்கூடு. நான் நெடுநேரம் நின்றது சீப்புகளின் முன்னால். இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பல் வைத்த அதே பேன் சீப்பு. பாட்டி நம்மைக் கால்களுக்கிடையில் உட்காரவைத்து வாரியது. மிளகுகூட இருந்தது. நம் மேற்குக் கரையிலிருந்து எத்தனை கை மாறி அங்கே போனதோ! இது முழுக்கக் கூரைக்குள் இருப்பதால் மழை வரும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

8. நண்பரின் சொந்தப் படகில் போகிறீர்களா? துறைமுக வாயில் சிறு படகுகளுக்கு மேற்கு ஓரமாகத் தனிப் பாதை உண்டு. பாய் விரித்திருந்தாலும் அங்கே எஞ்சின் ஓடவேண்டும். போர்க்கப்பல்களை நெருங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

9. காசில்லாமல் பார்க்க வட்டக் கோபுரம் இருக்கிறது. துறைமுக வாயிலேயே நிற்கும் பழைய காவல் கோபுரம். அந்தக் காலத்தில் எதிரிக் கப்பலைத் தடுக்க இங்கிருந்து எதிர்க்கரைக்குச் சங்கிலி கட்டினார்கள். 280 மீட்டர் நீள விமானந்தாங்கிக் கப்பல் புறப்படும் நாளில் ஊரே இங்கே கூடும். பக்கத்துத் தெருக்களுக்கு ‘ஸ்பைஸ் ஐலண்ட்’ என்று பெயர். நறுமணத் தீவு! மிளகைப் பார்த்துவிட்டு அங்கே நடப்பது பொருத்தமாக இருந்தது.

10. ‘திருகோணமலை’ என்ற பெயரில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் உண்டு. பம்பாயில் தேக்கில் கட்டி 1817-இல் இறக்கியது. வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாக அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தத் துறைமுகத்தில்தான் கிடந்தது. தேடி அலையாதீர்கள், இப்போது வடக்கே ஹார்ட்டில்பூலில் இருக்கிறது.

11. ஜூலையிலும் காற்றைத் தடுக்கும் மேற்சட்டை வேண்டும். துப்பட்டாவைப் பின் குத்தி வையுங்கள்.

12. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்தவெளியில் பிரிக்கும்போது முதுகைச் சுவரோடு வைத்துக்கொள்ளுங்கள். இங்கத்துக் கடற்காகங்கள் அழகர்கோவில் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. என் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலை ஒன்று காகிதத்தோடு கொண்டுபோனது. தயிர்சாத டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.