விளக்கொளியில் ஒரு தோட்டம்

கவிழ்த்து வைத்த கூடையின் அடியில் அகப்பட்டு முளைத்த கீரைச் செடியை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் தண்டு வெளுத்து நெடிது நீண்டிருக்கும். இலைகள் மஞ்சள் நிறம் பாய்ந்திருக்கும். கூடையின் இடுக்கில் தோன்றும் சிறு வெளிச்சத்தை நோக்கி அது வளைந்து நிற்கும். அச்செடிக்கு மண் உண்டு, நீர் உண்டு, காற்றும் உண்டு. இல்லாதது ஒளி ஒன்றே. இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பெற்றாலன்றிக் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு உணவை ஆக்கமாட்டாது. ஒளியின்றேல் செடிக்கு உணவில்லை.

அங்ஙனமாயின், கதிரவன் ஒளி புகாத அறையில் விளக்கின் ஒளியைக் கொண்டு செடி வளர்க்க இயலுமா? 1880 ஆம் ஆண்டில் வில்லியம் சீமென்சு என்னும் பொறியியல் அறிஞர் இங்கிலாந்தில் இதனை ஆராய்ந்தார். கடுகு, வெள்ளரி முதலிய விரைந்து வளரும் செடிகளை அவர் நான்கு தொகுதிகளாகப் பிரித்தார். ஒன்றை இருளில் வைத்தார். ஒன்றுக்கு மின்னொளியை மட்டும் அளித்தார். ஒன்றுக்குப் பகலொளியை மட்டும் அளித்தார். நான்காவதற்கு இரண்டையும் அளித்தார். இருளில் இருந்தவை வெளிறி மடிந்தன. மின்னொளி மட்டும் பெற்றவை இளம்பச்சை நிறத்துடன் உயிர் தாங்கி நின்றன. பகலொளி பெற்றவை அவற்றினும் செழித்தன. இரண்டும் பெற்றவை யாவற்றினும் மேம்பட்டு விளங்கின. மின்னொளியும் செடிக்கு உணவாகும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இன்று திசு வளர்ப்பு முறையில் வாழைக் கன்றுகளை உண்டாக்கும் ஆய்வுக்கூடங்களில் அடுக்கடுக்காகத் தட்டுகளை அமைத்து, ஒவ்வொரு தட்டின் மேலும் விளக்குகளைப் பொருத்தியிருக்கின்றனர். நகரங்களில் தோட்டமில்லா வீடுகளிலும் சிலர் இம்முறையில் கீரையும் நாற்றும் வளர்க்கின்றனர். இத்தகைய அறைக்கு விளக்கு மட்டும் போதாது, விசிறியும் வேண்டும். காற்று அசையாத அறையில் ஈரம் தேங்கும். ஈரம் தேங்கினால் பூஞ்சை பற்றி நாற்றுகள் அடியில் அழுகிச் சாயும். மெல்லிய காற்றில் அசைந்து வளரும் தண்டோ உறுதி பெறும்.

எனவே விளக்கு, விசிறி, நீர் ஆகிய மூன்றும் ஒரே அறையில் கூடுகின்றன. நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடத்தில் அறியாமை உயிரையே வாங்கிவிடும். ஆதலின் அவ்வறையின் மின்னிணைப்பு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

மின்சாரம் பாய்வதற்கு முழுமையான சுற்று ஒன்று வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி மின்னோட்டக் கம்பி எனப்படும். மின்பணியாளர் இதனைப் பேஸ் என்பர். திரும்பிச் செல்லும் கம்பி நடுநிலைக் கம்பி. இதனை நியூட்ரல் என்பர். நம் நாட்டு வீடுகளில் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 230 வோல்ட்டு ஆகும்.

விளக்குகளையும் விசிறிகளையும் இவ்விரு கம்பிகளோடும் பக்க இணைப்பாகவே இணைத்தல் வேண்டும். அஃதாவது, ஒவ்வொரு கருவியும் இரு கம்பிகளுக்கும் இடையே ஏணியின் படி போல் தனித்தனியே அமைதல் வேண்டும். அப்பொழுதுதான் ஒவ்வொன்றும் 230 வோல்ட்டைப் பெறும். மாறாக, ஒரே வகையான இரண்டு இழை விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் வைத்தால், ஒவ்வொன்றும் 115 வோல்ட்டே பெற்று இரண்டும் மங்கி எரியும். ஒன்று பழுதுற்றால் மற்றதும் அணைந்துவிடும்.

சுவிட்சை எப்பொழுதும் மின்னோட்டக் கம்பியிலேயே அமைத்தல் வேண்டும். நடுநிலைக் கம்பியில் அமைத்தாலும் விளக்கு எரியும், அணையும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆயின் விளக்கு அணைந்த பின்னும் அதன் தாங்கியில் மின்சாரம் காத்திருக்கும். சுவிட்சை நிறுத்திவிட்டோம் என்று நம்பி விளக்கைத் துடைக்கச் செல்பவர் தாக்குண்பார். கண்ணுக்குத் தெரியாத தவறே மின்னிணைப்பில் கொடிய தவறாகும்.

இனி ஒரு சிறு கணக்கைக் காண்போம். ஓர் அறையில் 40 வாட்டு விளக்குகள் நான்கும், 60 வாட்டு விசிறிகள் இரண்டும் உள்ளன எனக் கொள்வோம். விளக்குகளுக்கு 160 வாட்டு. விசிறிகளுக்கு 120 வாட்டு. ஆக 280 வாட்டு. இதனை 230 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.2 ஆம்பியர் மின்னோட்டம் என அறியலாம். விளக்குகள் நாள்தோறும் 16 மணி நேரம் எரிந்தால் 2.56 யூனிட்டு செலவாகும். விசிறிகள் 24 மணி நேரமும் சுழன்றால் 2.88 யூனிட்டு செலவாகும். விளக்கே மிகுதியாகச் செலவிடும் என்று நாம் எண்ணியிருப்போம். கணக்கோ விசிறியைக் காட்டுகிறது. இதனாலேயே அறிவுடையோர் விசிறியையும் குறித்த நேரத்தில் நிறுத்தும் நேரச் சுவிட்சை அமைத்துக்கொள்கின்றனர். செடிகளுக்கும் இருட்பொழுது வேண்டுமாதலின் விளக்கிற்கும் அத்தகைய சுவிட்சு உதவும்.

மின்சாரம் பாயும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் என்னும் அறிஞர் கண்ட விதி. ஆதலின் ஒரே பிளக்கில் பல கருவிகளைக் கோத்து மாட்டுதல் தீது. விளக்கு, விசிறிகளுக்குரிய சுற்றில் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இடப்படும். கம்பி தக்க பருமனுடையதாயினும், இணைப்பு தளர்ந்திருந்தால் அவ்விடத்தே வெப்பம் மிகும். கம்பிகளை வெறுமனே முறுக்கி நாடாச் சுற்றி விடும் பழக்கத்தால் தீ நேர்தல் உண்டு. இணைப்பு ஒவ்வொன்றும் திருகாணியால் இறுக்கப்பட்டு, மூடிய பெட்டிக்குள் இருத்தல் வேண்டும்.

வீட்டைக் காக்கும் காவலர் மூவர் உளர். முதற்காவல் பியூஸ், அல்லது இக்காலத்துத் தானியங்கித் துண்டிப்பான். மின்னோட்டம் அளவு மீறினால் இது சுற்றைத் துண்டித்துக் கம்பி எரியாமல் காக்கும். இரண்டாவது காவல் எர்த்து எனப்படும் நில இணைப்பு. விசிறியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், இக்கம்பி அதனை எளிய வழியில் நிலத்திற்குக் கடத்தும். மூன்று முள் பிளக்கில் நீண்டு பருத்திருக்கும் முள் இதற்குரியது. மற்ற இரண்டும் மின்சாரத்தைத் தொடுமுன் இம்முள் நிலத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பதற்காகவே அது நீளமாக அமைக்கப்பட்டுள்ளது. அதனை வெட்டிவிட்டு இரு முள் துளையில் செருகுவோர் தம் காவலனைத் தாமே கொல்பவராவர்.

இவ்விருவரும் போதாரோ எனின், போதார். 6 ஆம்பியர் துண்டிப்பான் 6 ஆம்பியரைக் கடந்த பின்னரே விழித்தெழும். மனித உடலுக்கோ 0.03 ஆம்பியரே பேரிடர் விளைக்க வல்லது. இஃது ஆறு ஆம்பியரில் இருநூற்றில் ஒரு பங்கு. ஈரக் கையோடு பழுதான விளக்கைத் தொடும் சிறுமியின் உடல் வழியே அவ்வளவு மின்சாரம் பாய்ந்தாலும் பியூஸ் அதனை உணராது. ஆகவே மூன்றாவது காவலாக மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும். சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது இடைவிடாது ஒப்பிடும். 0.03 ஆம்பியர் குறைந்தாலும், வேறு வழியில் கசிகிறது என்று உணர்ந்து நொடிக்குள் சுற்றைத் துண்டிக்கும். எனினும், இரு கம்பிகளையும் ஒருவர் இரு கைகளால் பற்றினால் அதுவும் ஏமாறிவிடும்; அவ்வேளையில் அவருடலும் ஒரு விளக்கைப் போலவே அதற்குத் தோன்றும். காவல் எத்துணை இருப்பினும் கவனத்திற்கு ஈடாகாது.

நீரைப் பற்றியும் நினைவு வேண்டும். தட்டுகளுக்குக் கீழே பிளக்குகளை அமைத்தல் கூடாது. வழியும் நீர் அவற்றுள் புகும். கம்பி பிளக்கை அடையுமுன் சற்றே கீழ்நோக்கித் தொங்கி, பின்னர் மேலேறிச் செல்லுமாறு விடுதல் வேண்டும். அப்பொழுது கம்பி வழியே ஒழுகும் நீர் தாழ்ந்த வளைவில் சொட்டிவிடும்; பிளக்கைச் சேராது. செலவில்லாத இச்சிறு உபாயம் பல விபத்துகளைத் தடுக்கவல்லது. செடிகளுக்கு நீர் தெளிக்குமுன் சுவிட்சை நிறுத்துதலும் நற்பழக்கம்.

மின்சாரம் தாக்கிய ஒருவரைக் கண்டால் ஓடிச் சென்று தொடாதீர்கள். தொட்டவரையும் அது பற்றும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. அஃது இயலாதாயின் காய்ந்த தரைமீதோ பலகைமீதோ நின்று, உலர்ந்த மரக்கோலால் கம்பியை அகற்றுக. பின்னர் உடனே மருத்துவ உதவியை நாடுக.

இப்பாடத்தைப் படித்ததும் நீங்களே மின்பெட்டியைத் திறந்துவிடலாகாது. அவ்வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது. ஆயினும் அவர் வந்து செல்லும்பொழுது, "சுவிட்சு எந்தக் கம்பியில் உள்ளது? எர்த்து இணைத்தாயிற்றா? கசிவுத் துண்டிப்பான் வைத்தாயிற்றா?" என்னும் மூன்று வினாக்களை நீங்கள் கேட்கலாம். அவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்த ஒருவர் இருக்கும் வீட்டில், விளக்கின் கீழ்ச் செடியும் தழைக்கும். அதனைப் பேணும் மக்களும் அச்சமின்றி வாழ்வர்.