பழைய வீட்டின் உட்சுவர்க் காரையைச் செப்பனிடும் முறை

உட்சுவரிற் காரை உதிர்ந்தவுடன் சிமெண்டு பூசிவிடுதல் பலருக்கு வழக்கம். நாளடைவில் அப்பூச்சும் பெயர்ந்து விழ, செலவு வீணாகின்றது. காரை உதிர்வதற்குப் பெரும்பாலும் சுவரிலுள்ள ஈரமே காரணம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே போகவிடும். சிமெண்டு அதனைத் தடுக்கும். தடைப்பட்ட ஈரமும் உப்பும் செங்கல்லையே அரித்துவிடும்.

ஆதலின் முதலிற் கூரை ஒழுக்கையும், சுவரடியில் நீர் தேங்குவதையும் நிறுத்திச் சுவரை உலரவிடல் வேண்டும். பின்பு சுவரை விரலால் தட்டிப் பார்த்து, பொள்ளலான ஓசை எழும் பகுதியை மாத்திரம் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்டி, தூசி போக்கி, நீர் தெளிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கும், உப்பில்லாத மணல் 3 பங்கும் சேர்த்து அரைத்த சாந்தை, ஒரு தடவைக்கு அரை அங்குலத்திற்கு மேற்படாமற் பூசுதல் வேண்டும். முதற் பூச்சு இறுகிய பின்னரே அடுத்தது பூசத்தக்கது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு மெல்ல இறுகுவது. ஆகையால் சில நாட்கள் நீர் தெளித்துவரல் அவசியம். முற்றும் உலர்ந்தபின் எண்ணெய் வர்ணத்தை விலக்கி, வெள்ளையடித்தலே நலம்.

சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்குமாதலால், குழந்தைகளை அருகில் விடலாகாது. நீரில் மூழ்கவைத்த சுண்ணாம்பு நாட்பட்டாலும் கெடாது. எனவே அங்கத்தினர் பலர் ஒன்றுகூடி வாங்கி நீற்றிவைப்பின், அவரவர் வேண்டும்போது எடுத்துக் கொள்ளலாம்.