டேப் செய்த வம்பு

கேள்வி: நண்பனின் மேக்ஃபைலைக் காப்பி எடுத்து ஓட்டினால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நின்றுவிடுகிறது. எழுத்துக்கு எழுத்து சரியாகத்தானே இருக்கிறது?
– கல்லூரி மாணவர், தக்கலை

பதில்: எழுத்து சரிதான், இடைவெளிதான் தப்பு. மேக்ஃபைலைப் படித்து நிரலைக் கட்டும் 'மேக்' (make) கருவியில் கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும். காப்பி எடுக்கும்போது அது ஸ்பேஸ்களாக மாறியிருக்கும். 1976இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனுக்கு இந்த விதி வம்பு என்று சீக்கிரமே புரிந்தது. அதற்குள் ஒரு டஜன் பேர் பழகிவிட்டார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்தத் தாட்சண்யத்தின் பலனைத்தான் தக்கலையில் நீங்கள் அனுபவிக்கிறீர்கள்!

நீண்ட வரியை உடைக்கும் பேக்ஸ்லாஷ் இன்னும் பொல்லாதது. அதன் பின்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகும். சுசீந்திரம் கல்வெட்டுகளில் கல்லின் ஓரம் வந்ததும் சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும், படிப்பவர் சேர்த்துக்கொள்வார். மேக்குக்கு அந்த அனுசரணையெல்லாம் கிடையாது.

எடிட்டரில் இடைவெளிகளைக் காட்டும் வசதியை இயக்கிப் பாருங்கள், குற்றவாளி அகப்படுவான். ஜிஎன்யு மேக் 3.82 முதல் டேப்புக்குப் பதில் வேறு எழுத்தையும் வைத்துக்கொள்ளலாம். நண்பர் ஆப்பிள் கணினிக்காரர் என்றால் அந்த வழி வேண்டாம்; அந்தக் கணினியோடு வருவது பழைய 3.81.