பிள்ளைகள் அப்பா வீட்டில் இருக்கும் கிறிஸ்மஸ்

பாளையங்கோட்டை,
டிசம்பர் 12

அன்பு மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

அரைப் பரீட்சை லீவில் முதல் பாதி அப்பாவிடம், மறுபாதி அம்மாவிடம் என்று குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, அந்த முதல் பாதிக்குள் டிசம்பர் 25 வருகிறது என்பது யாருக்கும் உறைத்திருக்காது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை கிறிஸ்மஸை ஒட்டியே வருகிறது. அதனால் பிரிந்து வாழும் கிறிஸ்தவத் தம்பதியில் ஒருவருக்கு வருஷாவருஷம் வீடு வெறிச்சோடித்தான் போகும். இங்கிலாந்தில் பிரிந்த பெற்றோர் பலர் ஒரு வருஷம் அம்மாவிடம், மறு வருஷம் அப்பாவிடம் என்று பண்டிகையை மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கு நீயும் அப்படிக் கேட்கலாம், வக்கீலிடம் இப்போதே சொல்லிவை. இந்த வருஷத்தை மாற்றப் போராடாதே. பண்டிகைக்கு முந்தின வாரம் நடக்கும் இழுபறியைப் பிள்ளைகள் கிறிஸ்மஸோடு சேர்த்தே ஞாபகம் வைத்திருப்பார்கள்.

"பிள்ளைகள் நல்லாத்தானே இருக்காங்க, எதுக்கு அழுற?" என்று சபையில் யாராவது கேட்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்பார்கள், ஆனாலும் அது சரியில்லை. பாலின் பாஸ் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியை. 1970களில், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தவர். இறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது, திரும்பி வருவார் என்றும் சொல்ல முடியாது. அந்தத் துக்கத்துக்குச் சடங்கு கிடையாது, துஷ்டி கேட்க யாரும் வருவதில்லை. அதனாலேயே அது ஆறாமல் கிடக்கிறது என்று கண்டார். மணமுறிவில் வரும் பிரிவையும் அவர் அந்த வகையிலேயே சேர்த்தார். ஆகவே நீ அழுவதில் ஒரு தப்பும் இல்லை. யார் முன்னால் அழுகிறாய் என்பதில்தான் கவனம் வேண்டும்.

போனில் பிள்ளைகள் முன்னால் வேண்டாம்.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவில் வாழ்ந்து பிரிந்த ஒரு தம்பதியின் வழக்கில், பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாத பெற்றோர் தினமும் ஐந்து முதல் பத்து நிமிஷமாவது அந்தப் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. வீடியோ கால்தான் அதற்கு நல்ல வழி என்றும் சொன்னது. அந்தப் பத்து நிமிஷம் போதும் என்றே பெரியம்மாவுக்குத் தோன்றுகிறது. ஒரு மணி நேரம் பேசினால் ஏதாவது ஓர் இடத்தில் குரல் உடைந்துவிடும். பெரியவனுக்கு வயது ஒன்பது. அம்மா தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால், அங்கே சிரித்து விளையாடுவதே தப்பு என்று நினைத்துக்கொள்வான். கேரல் ரவுண்ட்ஸில் தாத்தா வேஷம் போட்டது யார், சின்னவள் பயந்தாளா என்று கேள். பாட்டி எடுத்துக் கொடுத்த டிரஸ்ஸைக் காட்டச் சொல்லி, நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொல். நீ எடுத்துக் கொடுத்ததை ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்காதே.

நாள் முழுக்க வேலையில் மூழ்கிவிடு, எல்லாம் மறந்துபோகும் என்று உன் சிநேகிதிகள் சொல்வார்கள். பாதிதான் சரி. பகலை வேலை கொண்டுபோய்விடும். 24ஆம் தேதி ராத்திரி, தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டு, வீட்டுக்குள் ஸ்டாரும் எரியும்போது வேலை எதுவும் கைகொடுக்காது. அந்த ராத்திரி மதுரையில் தனியாக இருக்காதே, சாயங்காலமே இங்கே பஸ் ஏறிவிடு. முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சவும் அச்சுமுறுக்கு சுடவும் ஆள் வேண்டியிருக்கிறது. காலை ஆராதனைக்கு இங்கேயே போகலாம். உன் சபையில் பிள்ளைகளோடு உட்காரும் அதே பெஞ்சில் இந்த வருஷம் தனியாக உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பிள்ளைகள் போயிருக்கும் நாகர்கோவில் வீட்டாரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இரண்டு நாளைக்கு மியூட் பண்ணி வை. பிள்ளைகள் அவர்களோடு சிரிக்கும் போட்டோவை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பது மனசைப் புண்ணாக்கும்.

தேதியைப் பற்றியும் ஒன்று. ரோமாபுரியில் டிசம்பர் 25ஐக் கொண்டாடியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவே 336ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முந்தின விசுவாசிகள் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டா இருந்தார்கள்? ஆர்மீனியச் சபை இன்றைக்கும் இயேசு பிறப்பை ஜனவரி 6இல்தான் ஆசரிக்கிறது. ரஷ்யாவிலும் எத்தியோப்பியாவிலும் ஜனவரி 7. ஸ்பெயினில் பிள்ளைகள் பரிசுக்காக ஜனவரி 6வரை காத்திருக்கிறார்கள். நம் சபை வழக்கத்திலும் பண்டிகைக் காலம் 12 நாள் ஓடுகிறது. உன் பிள்ளைகள் 29ஆம் தேதி வருகிறார்கள். அதற்குள் குடிலைப் பிரிக்காதே, ஸ்டாரை இறக்காதே. பிரியாணியும் கேக்கும் அன்றைக்கே இருக்கட்டும். அது அவர்களுக்கு இரண்டாந்தரக் கிறிஸ்மஸாக ஆகாது, நீ அப்படி நினைக்காதவரை.

வந்த கையோடு அப்பா வீட்டுக் கதைதான் பேசுவார்கள். பேசி முடிக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்காதே. சின்னவள் ஒரு நாள் முறைத்துக்கொண்டுகூட இருப்பாள். வீடு மாறி வந்த பிள்ளைக்கு இடம் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். முதல் நாள் விருந்தாளி யாரையும் கூப்பிடாதே, பெரியம்மாவும் 30ஆம் தேதிதான் வருவாள்.

பஸ் ஏறியதும் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியம்மா