பிறக்காத துப்பாக்கிக்குப் பணம்

அன்புள்ள வாசகருக்கு,

கல்லூரியில் படிக்கும் உங்கள் மகன் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டில் 'ஏடபிள்யூபி அசிமோவ், ஃபேக்டரி நியூ' என்ற ஸ்கினுக்கு யூபிஐ-யில் பணம் அனுப்பி ஏமாந்த கதையைப் படித்தேன். "அதுலயே அப்படித்தாம்பா எழுதியிருந்துச்சு" என்று அவன் இன்னமும் வாதாடுகிறான் என்கிறீர்கள். அவன் சொல்வது பொய்யாக இருக்காது. அதை எழுதியவர் யார் என்று பார்க்கத்தான் தவறிவிட்டான்.

ஸ்கின் என்பது துப்பாக்கியின் மேல்பூச்சு, அவ்வளவுதான். அதனால் குறி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இந்த விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013-ல் இதைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஸ்கினுக்கும் உருவாகும்போதே 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் விழும், ஃப்ளோட் என்பார்கள். 0.07-க்குள் இருந்தால் ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்டு-டெஸ்டெட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்டு. பெயர்களைக் கேட்டால் சுடச்சுடத் தேயும் என்று தோன்றும். உண்மையில் எத்தனை ஆண்டு ஆடினாலும் அந்த எண் அசையாது. "கைபடாத சரக்கு" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரே பெயருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு: 0.16-ம் ஃபீல்டு-டெஸ்டெட், 0.37-ம் ஃபீல்டு-டெஸ்டெட். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே பொருள் என்று சொல்ல மனம் வராது. இந்தக் குழப்பத்தில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

இனி உங்கள் மகனின் விஷயம். ஏடபிள்யூபி அசிமோவின் ஃப்ளோட் 0.18-ல்தான் தொடங்குகிறது. ஆக, ஃபேக்டரி நியூ மட்டுமல்ல, மினிமல் வேர்கூட அதில் கிடையாது. உலகத்தில் ஒன்றுகூட இல்லாத பொருளுக்கு அவன் விலை பேசியிருக்கிறான். ஏகே-47 ரெட்லைனும் 0.10-ல் தொடங்குவதால் அதிலும் ஃபேக்டரி நியூ இல்லை.

பிறகு எப்படி எழுதியிருந்தது? நேம் டேக் என்று ஒன்றை அந்த ஆட்டத்திலேயே விற்கிறார்கள். அதை ஒட்டி, 20 எழுத்துக்குள் துப்பாக்கிக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். 'ஃபேக்டரி நியூ' என்றும் வைக்கலாம். அசல் தரம் அதே பொருளின் விவரத்தில் 'எக்ஸ்டீரியர்' என்ற வரியில் இருக்கும். அவனுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்த வரி வருவதற்கு முன்பே படம் முடிந்திருக்கும் என்பது என் ஊகம்.

கொலைகளை எண்ணிக்காட்டும் ஸ்டாட்ட்ராக் துப்பாக்கிகளிலும் இதே வேலை நடக்கிறது. இத்தனை ஆயிரம் கொலை எண்ணிய துப்பாக்கி என்று விளம்பரம் செய்வார்கள். கைமாறிய உடனே அந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

ஆட்களுக்கு ஒட்டும் சீட்டு இதைவிட மோசம். வால்வின் ஸ்டீம் தளத்தில் விற்றவருக்கு இருக்கும் ப்ரொஃபைலில் '+ரெப்' என்று நூறு பேர் பாராட்டியிருந்ததாகச் சொல்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர் வேண்டாத பின்னூட்டத்தை அழித்துவிட முடியும். மிஞ்சுவது பாராட்டு மட்டும்தான். 'நம்பகமான மிடில்மேன்' என்று நடுவில் வந்தவரின் பெயரும் படமும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கக்கூடியவை. நகலெடுக்க முடியாதது 17 இலக்க ஸ்டீம் எண் ஒன்றுதான். அதை ஒப்பிட்டுப் பார்க்கிற பொறுமை பேரம் சூடாக இருக்கும்போது யாருக்கும் இருப்பதில்லை. ஸ்டீம் ஊழியர் என்று ஒருவர் சாட்டில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், மோசடிதான்.

2025 ஜூலையிலிருந்து 7 நாளுக்குள் ட்ரேடைத் (பொருள் கைமாற்றத்தை) திரும்பப் பெறும் வசதி வந்திருக்கிறது. அது பொருளைத்தான் திருப்பும். வெளியே கொடுத்த பணத்தை அல்ல. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளையும் இழுத்துக்கொள்ள விற்பவருக்கும் அது வழி விடுகிறது.

அவனைத் திட்டியது போதும் சார். பணம் போன யூபிஐ விவரம், அந்த ஸ்கிரீன்ஷாட், விற்றவர், மிடில்மேன் இருவரின் ஸ்டீம் எண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு இன்றே கூப்பிடுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பணத்தை முடக்குவது கடினம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்